மக்கான் தூணிலிருந்து பார்க்கும் உலகம்

போன வாரம் வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் கிடந்த பேப்பரில் காசா படம். காலிப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் முண்டியடிக்கிறார்கள். பக்கத்தில் நின்ற தம்பி, கல்லூரியில் படிக்கிறவர், காசாவுக்காக நாங்கள் நடத்திய கண்டனக் கூட்டத்தை அந்த வழியாகப் போகும்போது பார்த்திருக்கிறார். "அண்ணே, எங்கயோ நடக்கறதுக்கு நீங்க இங்க எதுக்குக் கொடி புடிக்கறீங்க? மொதல்ல நம்ம பாலாறப் பாருங்க" என்றார். வம்புக்குக் கேட்கவில்லை, மனசில் பட்டதைக் கேட்டார். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

நாங்கள் நின்ற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் மக்கான் சந்திப்பு இருக்கிறது. அங்கே சிப்பாய் புரட்சி நினைவுத் தூண். பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தியாகப் படித்து மறந்த விஷயம்தான். ஆனால் 1806-இல் அது எப்படி ஆரம்பித்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னை ராணுவத்தின் தளபதி ஜான் கிரடாக் ஒரு உத்தரவு போடுகிறார். அணிவகுப்பில் நெற்றியில் திருநீறு, நாமம் கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடியை எடுக்க வேண்டும், மீசை எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தலையில் தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை. இந்துச் சிப்பாய், முஸ்லிம் சிப்பாய் இரண்டு பேருக்கும் அவமானம். மே மாதம் வேலூரில் சில சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையை வைக்க முடியாது என்று மறுத்தார்கள். விசாரணை நடந்தது. அதில் இரண்டு பேருக்குத் தலா 90 சாட்டையடி.

தொண்ணூறு. ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். பத்தைத் தாண்டும்போதே நம் முதுகு கூசும்.

ஜூலை 10 விடிவதற்கு முன்னால் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. ஆங்கிலேயத் தரப்பில் 14 அதிகாரிகளும் 69-ஆவது ரெஜிமெண்டைச் சேர்ந்த 115 பேரும் செத்தார்கள். திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. காலையில் ஆற்காட்டிலிருந்து கர்னல் ரோலோ கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார், பீரங்கி வந்ததும் கதவை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த ஏறக்குறைய நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவர் ஓரமாக நிறுத்திச் சுட்டார்கள். மொத்தத்தில் செத்த சிப்பாய்கள் 350 பேர் என்று பலரும் எழுதுகிறார்கள், அதைவிட அதிகம் என்பவர்களும் உண்டு. அப்புறம் நடந்த விசாரணையில் 6 பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், 5 பேரைச் சுட்டார்கள், 8 பேரைத் தூக்கில் போட்டார்கள், 5 பேரை நாடு கடத்தினார்கள்.

இதுவரைக்கும் நம் ஊர்க் கதை. நான் சொல்ல வந்தது அந்தக் கில்லெஸ்பியின் கதை. அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் அயர்லாந்தின் கோம்பர் ஊர்க்காரர். வேலூருக்கு வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் அவர் இருந்தது கரீபியனில், இன்றைய ஹைத்தியில். அங்கே கரும்புத் தோட்டத்து அடிமைகள் பிரெஞ்சு முதலாளிகளை எதிர்த்து எழுந்திருந்தார்கள். அந்தச் சர்க்கரைச் சீமையைத் தாங்கள் பிடித்துக்கொண்டு அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காக பிரிட்டன் 1793-இல் படை அனுப்பியது. அந்தப் படையில் கில்லெஸ்பி இருந்தார். துசான் லூவெர்த்யூர் தலைமையில் அடிமைகள் அந்தப் படையை 1798-இல் துரத்திவிட்டார்கள். ஹைத்தி 1804 ஜனவரி 1-இல் விடுதலை அடைந்தது. வேலூர்ப் புரட்சிக்கு இரண்டே வருஷம் முன்னால்.

அங்கே தோற்ற படையில் இருந்தவர் இங்கே வந்து ஜெயித்தார். இங்கிருந்து 1811-இல் ஜாவாவுக்குப் போனார். அடுத்த வருஷம் அங்கே யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையடித்த படையின் தலைவர் அவர்தான். அன்றைக்கு எடுத்துப்போன சுவடிகள் இன்னும் லண்டனில் இருக்கின்றன. 2019-இல் 75 சுவடிகளைப் படம் பிடித்து, அந்தப் படங்களைத்தான் இந்தோனேசியாவுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் 1814-இல் டேராடூன் பக்கம் நாலாபானிக் கோட்டையில் கூர்க்காக்களின் குண்டு பட்டுச் செத்தார். கோம்பர் ஊர் நடுவில் அவருக்கு உயரமான தூண் எழுப்பி, உச்சியில் சிலையும் வைத்திருக்கிறார்கள்.

தலைப்பாகை உத்தரவு போட்ட கிரடாக்கையும் விடக்கூடாது. 1798-இல் அயர்லாந்து விவசாயிகளின் கிளர்ச்சியை அடக்கிய படையில் இருந்தவர். வேலூருக்குப் பிறகு பதவி பறிபோனது. ஆனால் 1811-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனிக்கு ஆளுநராக அனுப்பினார்கள். அங்கே ஏறக்குறைய 20,000 கோசா மக்களை வீட்டையும் பயிரையும் கொளுத்தி ஃபிஷ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விரட்டினார்.

அயர்லாந்து, ஹைத்தி, வேலூர், ஜாவா, கேப், நேபாள எல்லை. தம்பி, இந்த ஊர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டியது நாங்கள் இல்லை. அவர்கள்தான் கட்டினார்கள். ஒரே ஆட்களை, ஒரே பீரங்கியை ஊர் ஊராக அனுப்பி ஒரே வேலையைச் செய்தார்கள். அடித்தவனுக்கு உலகம் முழுக்க ஒரே களமாக இருக்கும்போது, அடி வாங்கியவன் மட்டும் 'என் ஊர் வேறு, அவன் ஊர் வேறு' என்று ஏன் இருக்க வேண்டும்?

நம் கோட்டையே அதற்குச் சாட்சி. 1799-இல் திப்பு விழுந்ததும் அவர் குடும்பத்தை இங்கேதான் அடைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். பத்து வருஷம் கழித்து, கண்டியின் கடைசி அரசன் விக்கிரம ராஜசிங்கனைக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். அவர் 1832-இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில்தான் அவர் சமாதி.

கில்லெஸ்பியோடு ஆற்காட்டிலிருந்து வந்தவர்களில் சுதேசிக் குதிரைப்படையும் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குள் செத்தவனும் நம்ம ஆள், சுட்டவர்களிலும் நம்ம ஆட்கள். அது அத்தோடு நிற்கவில்லை. 1945-இல் ஹோ சி மின் ஹனோயில் சுதந்திரத்தை அறிவித்த அதே செப்டம்பரில், பிரெஞ்சுக்காரர்களை மறுபடி சைகோனில் உட்கார வைக்க பிரிட்டன் அனுப்பியது 20-ஆவது இந்திய டிவிஷனை. அதே ஆண்டு நவம்பரில் இந்தோனேசியாவின் சுராபாயாவில் விடுதலைப் போராளிகளோடு மோதியதும் இந்தியச் சிப்பாய்கள்தான். அவர்களில் பல நூறு பேர் துப்பாக்கியோடு இந்தோனேசியர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மக்கான் தூணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் தெரியாத ஆட்களின் ஞாபகம் வரும். கூலிக்குப் போன இடத்தில், எதிரே நிற்பவன் தன்னைப் போல ஒருத்தன் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

சரி, பாலாற்றுக்கு வருவோம். அதுதானே கேட்டீர்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் ஆவாரம்பட்டையில் பாதிப் பதம் ஆகி சென்னை வழியாக லண்டனுக்குப் போகும். மினுக்கி விற்று லாபம் பார்ப்பது அங்கே. 1970-களில் பச்சைத் தோலையும் பாதிப் பதத் தோலையும் ஏற்றுமதி செய்ய நம் அரசு கட்டுப்பாடு போட்டது. அது சரியான முடிவு, அதனால்தான் இங்கே ஷூ கம்பெனிகள் வந்தன. ஆனால் ஐரோப்பாவில் சுற்றுச்சூழல் சட்டம் இறுக இறுக, குரோமியத்தில் தோல் ஊறவைக்கிற அழுக்கு வேலையும் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஷூ கப்பலில் போகிறது, குரோமியம் ஆற்றில் தங்குகிறது. உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர்க் குடிமக்கள் வழக்கில், மாசு செய்தவனே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டி வந்தது. வெளிநாட்டுக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு உள்ளூர் முதலாளியைத் தப்பவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த முதலாளியிடம் ஒரு டாலர் குறை, இரண்டு டாலர் குறை என்று பேரம் பேசுகிற அயல்நாட்டு பிராண்டு எந்தத் தீர்ப்பிலும் வருவதில்லை.

என் சித்தி மகள் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, ஒட்டுகிற பிரிவு. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டு இரண்டு தடவை கழுவினாலும் விரல் இடுக்கில் சொல்யூசன் வாசனை போகாது, அந்தக் கையோடுதான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள். 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் வரியை 50 சதவீதம் ஆக்கியது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாம் அதில் பாதி. இங்கே முதலில் ஓ.டி. நின்றது. அப்புறம் வாரத்தில் ஒரு நாள் "நாளைக்கு வராதீங்கம்மா" என்றார்கள். வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. குழுக் கடன் தவணை கட்ட முடியாமல் ராத்திரி போன் செய்தாள். "ரஷ்யாக்காரன் எண்ணெய்க்கும் என் சம்பளத்துக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்றாள்.

அரசியல் வகுப்பில் ஏகாதிபத்தியம் என்ற சொல்லை எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு வரவில்லை. அதைத்தான் அவள் தன் வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்தக் குண்டும் விழாமல், வாஷிங்டனில் ஒருவர் போட்ட கையெழுத்து துத்திப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டின் அரிசி டப்பாவைத் தொடுகிறது. வரியை நாளைக்கு ஏற்றுவார்கள், இறக்குவார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை.

இந்த மிரட்டலுக்கு முதுகு கொடுக்காத நாடாக நாம் இருந்தோம். 1947-இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை ஐ.நா.வில் எதிர்த்து வாக்களித்தோம். 1955-இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோது முன்வரிசையில் இருந்தோம். 1988-இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்தோம். அந்த நாடு 2025 ஜூன் 12-இல், காசாவில் போரை நிறுத்து என்ற தீர்மானத்துக்கு 149 நாடுகள் ஆதரவாக வாக்களித்தபோது, நடுநிலை என்று ஒதுங்கிய 19 நாடுகளில் ஒன்றாக நின்றது. செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஜூனில் அந்தப் பிள்ளைகள் பாத்திரத்தோடு நின்றபோது நம் கை தூக்கப்படவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அமெரிக்காவை எதிர்க்கிறான் என்பதற்காக மட்டும் ஒருவன் நமக்கு வேண்டியவன் ஆகிவிட மாட்டான். 2022-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் டாங்கியோடு நுழைந்தபோது நம்மில் பலர் அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவைப் பற்றி மட்டுமே பேசினோம். நேட்டோ கிழக்கே விரிந்தது உண்மை, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் கீவ் சுரங்கப் பாதையில் படுத்திருந்த தாயைப் பற்றி நாம் ஒரு வரி எழுதவில்லை. 1956-இல் ஹங்கேரிக்கும் 1968-இல் செக்கோஸ்லோவாகியாவின் பிராகுக்கும் சோவியத் டாங்கிகள் போனபோதும் நம் மூத்தவர்கள் இப்படித்தான் விளக்கம் தேடினார்கள். சாட்டை யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்து வலியை அளக்க ஆரம்பித்தால், காசாவைப் பற்றிப் பேசும்போது அந்தத் தம்பி நம்மை ஏன் நம்ப வேண்டும்? நான் அந்த 90 அடி வாங்கிய முதுகின் பக்கம். அது காசாவில் இருந்தாலும், உக்ரைனில் இருந்தாலும், சத்துவாச்சாரியில் இருந்தாலும்.

ஜூலை 10 காலை மக்கான் தூணுக்கு மாலை போட வருவேன். அரசு விழா முடிந்து கார்கள் கிளம்பிய பிறகு, பத்து மணி வாக்கில். தம்பி, இதைப் படித்தால் வாருங்கள். அங்கிருந்து இருவரும் முத்து மண்டபம் வரை போய்விட்டு, அப்படியே பாலாற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம். என் தங்கச்சியையும் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு வேலை இருந்தால் மட்டும் அவள் வர மாட்டாள்.