மானியக் கதை போதும், விலை போடச் சொல்லிக் கொடுங்கள்

பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்கு நடக்கும் 'நீங்களும் முதலாளி ஆகலாம்' கூட்டங்களில் பாதி நேரம் மானியத்திலேயே கரைகிறது. கேட்கிற பிள்ளைகளுக்கு வயது 16, 17. பதினெட்டு முடியாமல் அவர்கள் போடும் கடன் ஒப்பந்தம் செல்லாது. சிறுதொழில் கடனுக்கு மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் அதே வயது நிபந்தனைதான். 35 சதவீத மானியம் என்பதும் கிராமப்புறத்தில் சிறப்புப் பிரிவினருக்கு (பெண்கள், பட்டியலினத்தவர் போன்றோர்) மட்டும். அதுவும் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும்.

அந்த நேரத்தில் விலை போடப் பழக்கலாம். மின் பிரிவு மாணவனிடம் 1 எச்.பி. மோட்டார் ரீவைண்டிங்கிற்கு (எரிந்த காயிலை எடுத்துப் புதுக் கம்பி சுற்றுவதற்கு) என்ன வாங்குவாய் என்று கேளுங்கள். காப்பர் 1,200, பேப்பர், ஸ்லீவ், வார்னிஷ் 200, கூலி 300 என்று 1,700 சொல்வான். ஆறு மணி நேர வேலைக்கு மணிக்கு 100 வைத்தாலே கூலி 600. கடை வாடகையும் கரண்டும் மாதம் 6,000, மாதம் 30 மோட்டார் என்றால் ஒரு மோட்டாருக்கு 200. இருபதில் ஒன்று திரும்பி வந்து இலவசமாகச் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு 110. ஆக 2,310. இதில் லாபம் இன்னும் சேரவில்லை! (காப்பர் விலையை அன்றன்று விசாரித்துப் போட வேண்டும்.) பழைய காப்பர் யாருக்கு என்பதை மோட்டாரை வாங்கும்போதே ரசீதில் எழுதாவிட்டால் டெலிவரி அன்று சண்டை நிச்சயம்.

மோட்டார் ஏன் திரும்பி வருகிறது? பழைய காயிலை வெட்டுவதற்கு முன் சுற்று எண்ணிக்கை, கேஜ் (கம்பியின் தடிமன்), ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) இடைவெளி மூன்றையும் குறிக்காமல் விடுவது ஒன்று. கேஜ் கிடைக்கவில்லை என்று மெல்லிய கம்பி போடுவது இன்னொன்று, சூடேறி எரியும். வார்னிஷ் உள்ளே காயாமல் மாட்டிவிட்டால் ஈரம் இறங்கி இன்சுலேஷன் போய்விடும்.

பள்ளியிலேயே இதைச் செய்ய முடியும். அக்கம்பக்கத்தில் எரிந்துபோன இரண்டு மோட்டார் கிடைக்காத ஊர் இல்லை. ரசீது போட்டு வாங்கி, ஆசிரியர் பக்கத்தில் நிற்க வேலை பார்த்து, சீரிஸ் லாம்பில் (மின்வழியில் தொடராக வைத்த பல்பில்) சோதித்த பிறகே நேரடி சப்ளை கொடுக்கட்டும். செய்முறை ஏட்டில் காயில் படத்துக்குப் பக்கத்திலேயே செலவுக் கணக்கும் இருக்கட்டும். சுற்றிலும் மூன்று கடைகளில் கேட்டுவந்த கூலியையும் அதில் எழுதவேண்டும். கடைக்காரர் 1,900க்குச் செய்கிறார் என்றால் எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்று மாணவனே கண்டுபிடிக்கட்டும். பழைய காப்பரா, வேலை வேகமா, மெல்லிய கம்பியா?

படிப்பு முடிந்ததும் கடை போடச் சொல்லாதீர்கள். ஓராண்டாவது நல்ல பட்டறையில் நிற்கட்டும். பதினெட்டு ஆனதும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் இலவசப் பயிற்சி உண்டு. கடன் விண்ணப்பத்துக்கு மாவட்டத் தொழில் மையம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது, ஆதார், பான் எண்களை வைத்துத் தானே பதியலாம். காசு கேட்கிற தளம் எதுவானாலும் அது தரகரின் தளம்.