வராதவர்களிடம் யார் கேட்டார்கள்?

சென்ற புதன்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். நானும் அங்கே இருந்தேன் என்பதாலும், "குறை சொல்வதற்கென்றே சிலர் வருகிறார்கள்" என்று மேடையில் சொன்னது என்னைப் பார்த்துத்தான் என்பதாலும் நானும் எழுத வேண்டியிருக்கிறது.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு. அந்நேரத்தில் அங்கே இருப்பவர்கள் நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும்தான். அவர்கள் கையிலேயே படிவத்தைக் கொடுத்து, சேவை நிறைவாக உள்ளதா என்று கேட்டு, 'ஆம்' என்பதில் குறியிட வைத்து வாங்கிக்கொண்டு, பொதுமக்கள் நிறைவாக இருக்கிறார்கள், எனவே நூலக நேரத்தை மாற்ற வேண்டியதில்லை என்று அன்றைக்கே முடிவும் சொல்லிவிட்டார்கள். வந்தவரிடம் கேட்டால் வந்தவருடைய பதில்தான் கிடைக்கும். வராதவர் ஏன் வரவில்லை என்று தெரியாமல் எதைத் திட்டமிடுவது?

என் அம்மா ஒரு காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாவல் எடுத்துப் படித்தவர். எட்டு ஆண்டுகளாக அவர் நூலகத்துக்குப் போவதில்லை. படிப்பில் ஆசை விட்டுப்போயிற்று என்றே நினைத்திருந்தேன். கூட்டத்துக்கு முந்தைய இரவுதான் காரணம் கேட்டேன். மூட்டுவலி வந்தபின் கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் குனிந்து எடுக்க முடியவில்லை, உட்கார்ந்து படிக்கலாம் என்றால் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, "இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார். அவருடைய உறுப்பினர் அட்டை ஓரமெல்லாம் பழுப்பேறி, சமையலறை அலமாரியில் ரேஷன் அட்டையோடு ஒரே உறையில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. படிவத்தில் எழுத இடமில்லாததால் இதைப் பின்பக்கத்தில் எழுதி எழுந்து வாசித்தேன். அதற்குத்தான் அந்தப் பேச்சு.

நூலகர் ஒருவரே திறந்து, பெருக்கி, பதிவேடும் எழுதுகிறார், அவரைப் போய்க் குறை சொல்லலாமா என்கிறீர்கள். அவரை நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் நூலக வரி கட்டுகிறோம். இன்று அது சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. நூலகத்துக்குள் காலடி வைக்காதவரும் கட்டுகிறார். கட்டுகிறவரைக் கேட்பதில் என்ன தவறு?

ஆளுக்கொன்று கேட்பார்கள், எதைத்தான் செய்வது என்பது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் செய்யச் சொல்லவில்லை. இன்னின்ன கேட்டார்கள், இது முடியும், இது இந்தக் காரணத்தால் முடியாது என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். முடியாது என்ற பதிலையும் மக்கள் ஏற்பார்கள்; பதிலே வராவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாம் விதி. வாசகரின் நேரத்தைப் பேணுக என்பது நான்காவது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வர முடியாதவர்களைத் தேடிப் போக அன்றைக்கு ஒரு வண்டி கிடைத்தது. ஏழரை மணிக்கு வேலை முடிந்து பேருந்தில் இறங்கும் எங்கள் தெருப் பெண்களுக்காக, ஏழு மணிக்கு அடைக்கும் கதவை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கலாமா என்று அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதில் ஒரு பெண் எனக்குத் தெரிந்து பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் எடுத்தவள். அவளை வைத்துக்கொண்டு 'பொதுமக்கள் நிறைவாக இருக்கிறார்கள்' என்று எழுத எப்படி மனம் வருகிறது?

வீட்டுக்கு வந்ததும், "என்ன சொன்னார்கள்?" என்று அம்மா கேட்டார். எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் வாசகர் வட்டத்துத் தோழிகள் இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் தெருவிலும் பின்தெருவிலும் வீடு வீடாகப் போகிறோம். ஒரே கேள்விதான்: நீங்கள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை? சொன்னதைச் சொன்னபடியே எழுதி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குவோம். கூட வர விரும்புகிறவர்கள் ஐந்து மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலுக்கு வாருங்கள்.