பூட்டிக் கிடந்த வீட்டுக்கு 1,640 யூனிட்

நேற்று பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டுப் பந்தி. இலையில் சொதி விழுந்த நேரம் பார்த்து அத்தான் ஒருவர் சத்தமாகக் கேட்டார்: "பதினாலாயிரம் ரூவாய்க்கு மதுரை வரைக்கும் அப்பீலாம்லா? கட்டித் தொலைச்சிட்டு வேலையப் பாப்பியா..." பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். சொதி தொண்டையில் இறங்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அம்மா வீட்டுக்கு வந்த அந்தப் பதினாலாயிரம் ரூபாய் கரண்ட் பில்லை எதிர்த்து நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்திருந்தேன். தீர்ப்பு வந்துவிட்டது. புகார் தள்ளுபடி. தோற்றதில் வருத்தமில்லை என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அது பொய். ஆனாலும் அப்பீல் போவது அதற்காக இல்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: பூட்டிக் கிடந்த வீடு இரண்டு மாதத்தில் 1,640 யூனிட் எப்படி இழுக்கும்? ஏழு பக்கத் தீர்ப்பில் அதற்கு ஒரு வரி கூடப் பதில் இல்லை.

கல்லிடைக்குறிச்சியில் அம்மா வீட்டில் இருப்பது இரண்டு விசிறி, மூன்று டியூப்லைட், ஒரு பழைய ஃபிரிட்ஜ், மிக்ஸி. கண்புரை ஆபரேஷனுக்காக அம்மாவை இங்கே கூட்டி வந்தபோது ஃபிரிட்ஜைக் காலி செய்து மெயினை அணைத்தவன் நான். சரி, நான் புளுகுகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 75 வாட் விசிறி ஒன்று இரண்டு மாதம் ராப்பகலாகச் சுற்றினால் 108 யூனிட் ஆகும். 1,640-ஐத் தொட அப்படிப் பதினைந்து விசிறி வேண்டும். கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு உலை யாருக்காக ஓடுகிறது என்று இப்போதுதான் விளங்குகிறது. எங்கள் அம்மாவின் பூட்டிய வீட்டுக்காகத்தான்.

"மீட்டர் பொய் சொல்லாது, லேப்ல நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்கல்லா" என்கிறார்கள். மீட்டர் பொய் சொன்னதாக நான் எங்கே சொன்னேன்? எண்ணைக் குறித்த கை தவறியிருக்கலாம் என்றுதான் சொன்னேன். நான் மனு கொடுத்த பிறகு, எங்கள் யாருக்கும் சொல்லாமல் பழைய மீட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சோதனைச் சீட்டில் 'மீட்டர் நன்று' என்று இருக்கிறது. கழற்றும்போது இருந்த ரீடிங்கை எழுத வேண்டிய கட்டம் காலி. அந்தக் காலிக் கட்டத்தைத்தான் மன்றத்தில் காட்டினேன். தீர்ப்பு அதைத் தொடவே இல்லை. நீதிமன்றம் போல முடிவெடுக்கும் எந்த அமைப்பும் காரணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2010-லேயே கிராந்தி அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணம் சொல்லித் தோற்கடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கட்டியிருப்பேன். (கட்டியிருப்பேனா? தெரியாது. விடுங்கள்.)

கோர்ட்டைக் குறை சொல்லலாமா என்று ஒரு நண்பர் பதறுகிறார். தீர்ப்பில் குறை இருக்கலாம் என்பதால்தானே ஐயா சட்டத்திலேயே அப்பீல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொருவர், "100 யூனிட் இலவசமா வாங்கிட்டுப் பேசலாமா?" ஆமாம், வாங்கினோம். அதற்காக மீதி 1,540-ஐயும் கேள்வி கேட்காமல் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா? ஆயிரத்தைத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். கட்டுவது யார்?

லைன்மேன்களை நான் திட்டுவதாகவும் பேச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வேலை பார்த்தவர்களைக் கண்ணால் பார்த்தவன் நான். அவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். இது ஆபீஸ் நாற்காலியைப் பற்றிய பேச்சு.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரீடிங் குறிக்கிற வெள்ளை அட்டை தீர்ந்ததும் மற்றவர்கள் கிழித்துப் போடுவார்கள். அப்பா ரப்பர் பேண்ட் போட்டு ட்ரங்குப் பெட்டியில் வைப்பார். ஒருமுறை 12 ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது என்று ஆபீசுக்கு மூன்று நடை நடந்தார். அன்றைக்கும் ஊர் சிரித்தது. மூன்றாம் நடையில் அங்கிருந்த ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அட்டையை வாங்கிப் பார்த்து, "எங்க தப்புதான் சார்" என்று சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தாராம். அந்த டீயைப் பற்றி அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு டீ வேண்டாம். அந்த மூன்று வார்த்தை போதும். இப்போது அட்டையில் யார் எழுதுகிறார்கள்? போனில் தட்டிவிட்டுப் போகிறார்கள். தகராறான அந்த இரண்டு மாதத்துக்கு அட்டையில் வரியே இல்லை. அதற்கு முன்னால் எந்த வரியும் 220 யூனிட்டைத் தாண்டியதில்லை.

வக்கீல் செலவே பதினாலாயிரத்துக்கு மேல் ஆகுமே என்பவர்களுக்கு: வக்கீல் இல்லை, நானேதான் வாதாடினேன். நுகர்வோர் வழக்கில் அதற்கு இடமுண்டு. ஐந்து லட்சம் வரைக்கும் மனுக் கட்டணமும் கிடையாது. முந்தைய ஆறு மாதச் சராசரியை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டால், தகராறு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56 சொல்கிறது. அப்படியே கட்டிவருகிறேன். ஆகவே நான் பாக்கிக்காரனும் இல்லை, அத்தான்.

இவ்வளவும் பணக் கணக்கு. பந்தியில் சிரித்தவர்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல், "கல்லிடைக்குறிச்சிதானே, வீட்ல அப்பள மிஷின் கிஷின் ஓடுதா?" என்று கேட்டார். எங்கள் ஊர் அப்பளத்துக்குப் பேர்போனது. அங்கேயும் நாலு பேர் சிரித்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுத்தோம். அந்த இரண்டு மாதமும் ஊர் ரேஷன் கடையில் பொருள் வாங்காத பதிவும் கொடுத்தோம். தீர்ப்பில், 'வீட்டில் எவரும் இல்லை என்பது நிரூபிக்கப்படவில்லை'. அதாவது யாரோ இருந்திருக்கிறார்கள், நாங்கள் மறைக்கிறோம். ஆட்டோவில் திரும்பும்போது அம்மா கேட்டாள்: "என்னைய களவாணின்னா சொல்லுதாவ?"

76 வயது. அதற்கு என்ன பதில் சொல்ல, அத்தான்? நீங்கள் சொல்லுங்கள்.

நேற்று பந்தியிலிருந்து வீடு திரும்பியபோது பட்டாசலில் (கூடத்தில்) விளக்கில்லை. கரண்ட் போயிருக்கிறது என்று நினைத்தேன். சுவிட்சைத் தட்டினேன், எரிந்தது. அம்மா விசிறியையும் அணைத்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "சும்மாதானே இருக்கேன், எதுக்கு ஓடணும்" என்றாள். இதற்கு எத்தனை யூனிட், எந்த ரேட்?

உத்தரவு தேதியிலிருந்து 45 நாள் கெடு, அதில் 12 நாள் மிச்சம் இருக்கிறது. நாளைக் காலையில் அட்டைக் கட்டோடு வண்ணார்பேட்டைக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன். பழைய அட்டைகளின் ஓரத்தில் அப்பா பென்சிலால் போட்ட கூட்டல் கழித்தல் மங்கிவிட்டது. கொஞ்சம் கறுப்பைக் கூட்டி எடுத்துத் தரச் சொல்ல வேண்டும்.