டோக்கன் 47, நானா?

காது கேட்காது என்று எழுதிக் கொடுத்தவனை வாயால் கூப்பிட்டுவிட்டு, "மூணு தடவை கூப்பிட்டேன், நீங்க வரலை" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? சிரிப்பீர்களா, அழுவீர்களா? நான் இரண்டும் செய்யவில்லை. புது டோக்கன் வாங்கினேன். 83.

பழைய டோக்கன் 47. காலை எட்டே முக்காலுக்கே போய் நின்று வாங்கியது. நம்ம முன்னாள் படைவீரர் பென்ஷன் ஆபீஸ் ஹாலில் கவுன்ட்டருக்கு மேலே நம்பர் காட்டுகிற பலகை ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்றால் மாட்டியிருக்கிறது. இரண்டு சிவப்புப் பூஜ்யம் மட்டும் இரவு பகலாக எரிகிறது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. பூஜை போட்டதில் தப்பில்லை. ஆளைக் கொல்கிறதே, ஆயுதம்தானே.

பலகை வேலை செய்யாதது எனக்குத் தெரியும். இது என்ன முதல் தடவையா? அதனால் முன்னெச்சரிக்கையாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "அண்ணே, 47 கூப்பிட்டா கொஞ்சம் தட்டிச் சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்" என்றேன். அவர் என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி?" என்றார். கவசப் படை. இருபது வருஷம் டேங்க்குக்குள் உட்கார்ந்து வந்தவர். அவரும் காது கேஸ். அவர் தன்னுடைய நம்பருக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு இன்ஜினியர்ஸ் படை ஆளைக் காவல் வைத்திருந்தார். அந்த ஆள் பாறை உடைக்க வெடி வைத்தே பாதி சர்வீஸைக் கழித்தவர். ஆக, மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்றரைக் காது. ஒருவருக்கொருவர் பாரா கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பதினொன்றேகால் மணிக்குப் பார்த்தால் 52ஆம் நம்பர்க்காரர் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வருகிறார். ஓடினேன். ஓடினேன் என்பது சும்மா சொல்வது, முழங்கால் தனிக்கதை.

அந்தக் கவுன்ட்டர் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முழுக் கண்ணாடி. அதில் பேசுவதற்கென்று ஒரு அரைவட்ட ஓட்டை. ஓட்டை என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பேச வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்து காதை ஓட்டையில் வைத்தால் அவர் உதடு தெரியாது. உதட்டைப் பார்த்தால் காதுக்கும் ஓட்டைக்கும் ஒரு முழம் தூரம். எனக்குப் பாதி கேட்பது உதட்டைப் பார்த்துத்தான். உதட்டையாவது காட்டுவாரா? கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, முகத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பேசுகிறார். தலையை வலப்பக்கம் சாய்த்து, இடது காதை ஓட்டைக்குக் கொடுத்து, ஓரக்கண்ணால் அவர் தாடையைப் பார்த்தபடி நான் நின்ற நிலையைப் பின்னால் இருந்தவர்கள் ரசித்திருப்பார்கள். கோயில் மண்டபத்துத் தூணில் செதுக்கலாம்.

"47 சார், கூப்பிடவே இல்லை" என்றேன். எனக்கு மெதுவாகப் பேசியதாகத்தான் தோன்றியது. ஹாலே திரும்பிப் பார்த்தது.

"கத்தாதீங்க, இது ஆபீஸ். மூணு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன்."

"கேட்கலை சார். காது கேட்காதுன்னுதானே கேஸே."

அப்போதுதான் அந்த மனிதர் கம்ப்யூட்டரை விட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மூக்கில் இருந்த கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் பேப்பரை இழுத்துப் படித்துவிட்டு, நிதானமாக, சந்தேகம் கேட்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்: "உங்களுக்கு இருபது சதவீதம்தானே ஊனம்? அப்ப எண்பது சதவீதம் கேட்கணுமே?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? மூன்று தடவை கூப்பிட்டதில் எண்பது சதவீதம் என்றால் 2.4 தடவை. 2.4 தடவை கேட்டும் திமிரில் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டேன் என்றாரே, என்ன பேர் தெரியுமா? என் அப்பா பேர். செத்துப் பத்து வருஷமாகிறது மனுஷன். நமக்கெல்லாம் இனிஷியல்தானே? முன்னால் ஒரு எழுத்து, அது அப்பா. படையில் சேரும்போது அந்த எழுத்தை விரித்து எழுது என்றார்கள், எழுதினேன். டிஸ்சார்ஜ் புக்கில் என் பேர் முன்னால், அப்பா பேர் பின்னால். ஆதாரில் அப்பா முன்னால், நான் பின்னால். இப்போது வந்திருக்கிற திருத்திய பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் உத்தரவில், அப்பா பேர் மட்டும் இருக்கிறது, நான் ஓர் எழுத்தாகச் சுருங்கிக் கடைசியில் தொங்குகிறேன். காது நல்லா இருந்திருந்தாலும், அப்பா பேரைக் கூப்பிட்டால் நான் எதற்கு எழுந்திருக்கப் போகிறேன்? அவர் எழுந்து வந்தால்தான் உண்டு.

சரி, இந்த இருபது சதவீதம் வந்த கதையைக் கேளுங்கள்.

1988இல் சேர்ந்தேன், 2012இல் வெளியே வந்தேன். பீரங்கிப் படை, கன்னர். 1999 கோடையில், கார்கில் போரில், திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவன். 155 மில்லிமீட்டர். அடிக்கும்போது சத்தம் காதில் கேட்காது, நெஞ்சில்தான் கேட்கும். காதில் பஞ்சு. ராத்திரி படுத்தால் சில்வண்டு மாதிரி ஒரு ரீங்காரம். மலையில் சில்வண்டு ஏது என்று அப்போது யோசிக்கவில்லை. யோசித்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். சொன்னால் லோ மெடிக்கல் கேட்டகிரி, உடல்தகுதி குறைந்தவன் என்கிற முத்திரை. கேட்டகிரி விழுந்தால் புரமோஷன் போச்சு. நாயக் ஆகி ஹவில்தார் ஆக வேண்டாமா? எல்லாரும் இப்படித்தான் மறைத்தோம். 2009இல் ஒரு சமவெளி ஸ்டேஷனில் வருஷாந்திரப் பரிசோதனையில் டாக்டர் கண்டுபிடித்து எழுதிவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. வெளியே அனுப்பும்போது பரிசோதிக்கிற ரிலீஸ் மெடிக்கல் போர்டின் ஃபைலில் என்ன எழுதியிருந்தது என்றால், குறை இருபது சதவீதம், ஆனால் ஆரம்பித்தது பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டை இல்லாத இடத்தில், ஆகவே சர்வீஸுக்குச் சம்பந்தமில்லை. காது போனது மலையில். போனது தெரிந்தது சமவெளியில். தெரிந்த இடத்துக்குத்தான் மதிப்பாம். பீரங்கிக்கு பீஸ் ஏரியா, ஃபீல்டு ஏரியா என்று தெரியுமா? ரேஞ்சில் பயிற்சிக்கு அடிக்கும்போது அமைதியாகவா வெடிக்கிறது?

இப்படி முடிவு கட்டியதற்கு ஃபைலில் நாலே எழுத்து: என், ஏ, என், ஏ. பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்பதன் சுருக்கம். சேர்த்துப் படித்தால் நானா. இந்தக் காது போனதற்கு யார் காரணம்? நானா? ஆமாம், நீங்களேதான் என்கிறது ஃபைல். தமிழ் தெரியாமலேயே இவ்வளவு பொருத்தமாக ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும்.

அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். படித்தா போட்டேன்? இன்னும் பத்து நாளில் வீடு. டிரங்குப் பெட்டிக்குப் பெயின்ட் அடித்து நம்பர் எழுதியாச்சு. காட்டிய இடத்தில் எல்லாம் போட்டேன். பீரங்கியில் ஒரு டிகிரி தப்பினால் என்ன ஆகும் என்று ராப்பகலாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தாளில் ஒரு கட்டத்தில் டிக் மாறினால் என்ன ஆகும் என்று இருபத்துநாலு வருஷத்தில் ஒரு பிள்ளை சொல்லவில்லை.

ஊன பென்ஷன் மறுப்புக் கடிதம் ஊர் விலாசத்துக்கு வந்தது. ஆறு மாதத்துக்குள் அப்பீல் போடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது, இங்கிலீஷில். நான் அப்போது வெளியூரில் செக்யூரிட்டி வேலை. அப்பா வாங்கினார். மேலே சிங்க முத்திரையைப் பார்த்தார். பையனுக்கு கவர்ன்மென்ட்டே ஏதோ எழுதியிருக்கிறது என்று சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிட்டார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கியபோது கிடைத்தது. எட்டு மாதம் முடிந்திருந்தது. எட்டு மாதமும் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்கிறோம், என் காதுக்குக் காசு கிடையாது என்கிற கடிதத்தை.

அப்புறம் நம்ம ஆட்களின் சட்ட ஞானம். அதற்கு ஒரு கும்பிடு. கேன்டீன் வரிசையில் நின்றால் போதும், அத்தனை பேரும் வக்கீல். ஒருவர், "போர்டுல வாயே திறக்காதே, டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும்" என்றார். இன்னொருவர், "கேஸ் போட்டா இருக்கற பென்ஷனையும் நிறுத்திடுவான்" என்றார். மூன்றாமவர் எல்லாருக்கும் மேலே: "இருபது எழுதிட்டாங்கல்ல, தானா ஐம்பதாகும், பேசாம வீட்டுக்குப் போ." நான் பேசாமல் வீட்டுக்குப் போனேன்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததுதான் கொடுமை. ஊன சதவீதம் ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஐம்பது, எழுபத்தைந்து வரை எழுபத்தைந்து, அதற்கு மேலே நூறு என்று ரவுண்டு பண்ணுகிற விதி இருக்கிறது. முதலில் அது மருத்துவக் காரணத்தால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இருந்தது. முழு சர்வீஸ் முடித்தவனுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் சொன்னது. அதற்கு முந்தைய வருஷம் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால் அப்புறம் வந்ததைப் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பாடு என்றது. தீர்ப்பு வந்துவிட்டதே, கிடைத்துவிடும் என்று காத்திருந்தேன் பாருங்கள், நான்தான் முட்டாள். அந்த "தானா" என்கிற சொல்லை நம்பினேன். என்னை மாதிரி எத்தனையோ பேர் ஒவ்வொருவராகப் படைவீரர் தீர்ப்பாயத்தின் படியேறித்தான் வாங்கினார்கள்.

நான் ஏறியது 2019இல். ஜெயித்தேன். ஆனால் தாமதமாக வந்ததால் நிலுவை மூன்று வருஷத்துக்குத்தான். அதுவும் 2008இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி சரிதானாம். அப்படியானால் 2012இலிருந்து 2016 வரை என் காது யார் கணக்கில் கேட்காமல் இருந்தது? அந்த நாலு வருஷமும் ஓசியில் செவிடாக இருந்திருக்கிறேன்.

காசும் ஏதோ கோடியில்லை. நூறு சதவீதம் ஊனம் என்றாலே கடைசி மாதச் சம்பளக் கணக்கில் முப்பது சதவீதம். இருபதுக்கு ஆறு சதவீதம். ஐம்பது ஆக்கினால் பதினைந்து. ஆறைப் பதினைந்தாக்க இத்தனை வருஷம்.

கடைசியாகத் திருத்திய பி.பி.ஓ. வந்தது. அதில்தான் அப்பா பேர். அதனால்தான் இன்றைய 47.

83ஐக் கூப்பிட்டபோது நான் கண்ணாடிக்கு முன்னாலேயே நின்றிருந்தேன், நகரவே இல்லை. கவசப் படை அண்ணன் தண்ணி வாங்கிக் கொடுத்தார். இந்தத் தடவை அந்த மனிதர் பேப்பரை வாங்கி, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். எழுதிக் காட்டினார்! இதைக் காலையிலேயே செய்திருக்கலாமே ராசா. சீட்டில் இருந்தது: "இருவரும் ஒருவரே சான்று வேண்டும்."

அப்பாவும் நானும் ஒரே ஆள் என்று சான்று வாங்கி வரணும். எங்கள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனிடம் சீட்டைக் காட்டினேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் இன்ஜினியர்ஸ்காரரும் சிரித்தார். "கத்தாதீங்க" என்று உள்ளேயிருந்து சொல்லியிருப்பார். யாருக்குக் கேட்டது?

இதோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து மிஷினுக்கு பேட்டரி மாற்றலாம் என்று எடுத்தேன். காது மிஷின் பேட்டரி எப்படி வரும் என்று தெரியும்தானே? அட்டைக்கு ஆறு, பட்டாணி அளவு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கலர் ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டு வேலையை ஆரம்பித்துவிடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. ஆறும் மொட்டையாகக் கிடக்கின்றன. ஸ்டிக்கர் ஆறும் வரிசையாக ஃபிரிட்ஜ் கதவில். நாலு வயசுப் பேரன் பக்கத்தில் நின்று, "தாத்தா, பூ!" என்கிறான். அது மட்டும் நன்றாகக் கேட்டது.