அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லாதேங்கோ

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவில் எங்கள் மண்டபத்தில், நோர்வேயில் பனிமான் மேய்க்கிற சாமி என்ற பழங்குடி மக்களின் நிலத்தில் காற்றாலை கட்டியதைப் பற்றிக் கதைத்தபோது நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரே தெரியும். மற்றவர்கள் வீடியோ பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையையும் திரும்ப எழுதவில்லை. அன்றிரவே எழுத இருந்தேன், கை நடுங்கியது, மூடி வைத்துவிட்டேன். மூன்று நாள் ஆறப்போட்டும் ஆறவில்லை.

அன்றைக்குப் பேசிய அண்ணை சொன்னது இதுதான். "வடக்கில ஆர் இருக்கினம்? கல்லும் பனியும். நாலு மான்காரருக்காக ஒரு நாடே கரண்டை விட்டுட்டு இருக்கேலுமோ?" சபை கைதட்டியது. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அடுத்ததாக, "சட்டம் படிச்ச ஒராள், மிருகம் படிச்ச ஒராள், மனுசரைப் படிச்ச ஒராள், எல்லாரும் சேர்ந்து மான் எங்க மேயுது எண்டு பாக்கினமாம். அதுவும் ஒரு படிப்பு. எங்கட வரிக்காசு" என்றார். அந்த ஆய்வில் வேலை செய்கிற என் மகளின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அங்கே ஒன்றுமில்லை என்பது பொய். ஒரு நிலத்தை ஒருவர் மட்டும் பார்த்தால், ஒரு துறையின் கண்ணால் மட்டும் பார்த்தால், அது வெறுமையாகத்தான் தெரியும். அதனால்தான் நாலு துறைக்காரர் சேர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களோடு அந்த நிலத்தில் சீவிக்கிறவரும் இருக்க வேண்டும். இருந்தால்தான் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும்.

நான் 1988இல் வந்து சேர்ந்தது ஒஸ்லோவுக்கு இல்லை என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். நோர்வேயின் வட கோடியில், ஃபின்மார்க்கில் ஒரு கரையோரக் கிராமம். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான், வடக்கில் மீன் தொழிற்சாலைகளில் தொடங்கினோம். கீழே இருந்து வெளிச்சம் அடிக்கிற கண்ணாடி மேசை, அதன் மேல் கொட் மீன் துண்டு, கையில் சின்னக் கத்தி. சதைக்குள் சுருண்டு கிடக்கிற புழுவைக் கண்டுபிடித்துப் பிடுங்க வேண்டும். விரல் விறைத்துவிடும். எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு அக்கா நின்றா. எனக்கு நொஷ்க், நோர்வே மொழி, சொல்லித்தந்ததே அவதான். இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். ஒருநாள் தொழிற்சாலை வாசலில் ஒரு வயதானவர் வந்து ஏதோ கேட்டார். அவ தாழ்ந்த குரலில் எனக்குத் தெரியாத ஒரு பாஷையில் பதில் சொன்னா. திரும்பினா, நான் நிற்பதைக் கண்டா. முகம் சிவந்துபோச்சு. களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளையின் முகம். "அது என்ர அப்பா" என்று மட்டும் சொன்னா.

அவ சாமி இனத்தவ. கடற்கரைச் சாமி. சின்ன வயதில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்து தன் மொழி பேசினால் தண்டனை. சொந்த மொழியைப் பேசியதற்கு முகம் சிவக்கிற ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. மொழிக்காக உயிர் விடுகிற ஊரில் இருந்து வந்தவள் நான், அப்படியே விறைத்து நின்றேன்.

அவவின் அப்பாவிடம் ஒரு சின்னப் படகு இருந்தது. ஃபியோர்டுக்குள்ளேயே, மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைகிற கடலுக்குள்ளேயே மீன் பிடிப்பார், கொஞ்சம் ஆடு, கொஞ்சம் பெர்ரி. 1990இல் கொட் மீன் குறைந்துவிட்டது என்று படகுக்குப் படகு பங்கு பிரித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் இவ்வளவு பிடித்தேன் என்று கணக்குக் காட்ட முடிந்தவர்களுக்குப் பங்கு கிடைத்தது. ஃபியோர்டுக்குள் கொஞ்சமாகப் பிடித்த சின்னப் படகுக்காரர்கள் நிறையப் பேர் வெளியே நின்றார்கள். அந்தக் கிழவரும் வெளியே. அந்தக் கணக்கை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மீன் படித்தவர் மீனை எண்ணினார். பொருளாதாரம் படித்தவர் படகை எண்ணினார். இந்த ஃபியோர்டில் தலைமுறை தலைமுறையாக யார் இருக்கிறார்கள், ஆடும் மீனும் பெர்ரியும் சேர்ந்துதான் ஒரு குடும்பத்தின் சீவியம் என்று பார்ப்பதற்கு அந்த மேசையில் ஆள் இல்லை. அண்ணை, உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிற "எல்லாரும் சேர்ந்து பாக்கிற படிப்பு" அன்றைக்கு இருந்திருந்தால் அந்தக் கிழவர் படகை விற்றிருக்க மாட்டார்.

இப்போது ஃபோசனுக்கு வருவோம், நோர்வேயின் நடுப்பகுதியில் காற்றாலைகள் கட்டிய அந்தத் தீபகற்பம், அன்றைக்குக் கதைத்ததே அதைப் பற்றித்தானே. "ஃபோசன் ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே இல்லை" என்று ஒரு தம்பி வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். சரி தம்பி, வட்டத்துக்குத் தெற்கேதான். ஆனால் ஃபோசன் வழக்கின் தீர்ப்பு வடக்கு முழுவதையும் தொடுகிறது.

2021 ஒக்டோபர் 11. நோர்வே உச்ச நீதிமன்றம், 11 நீதிபதிகள், ஒருமனதாகச் சொன்னார்கள்: ஸ்தோர்ஹெய்யா, ரோஆன் இரண்டு காற்றாலைப் பண்ணைகளுக்கும் கொடுத்த அனுமதி செல்லாது. ஐ.நா. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 27ஆவது உறுப்புரை சிறுபான்மையினர் தங்கள் பண்பாட்டைப் பேணும் உரிமையைக் காக்கிறது, அது மீறப்பட்டுவிட்டது. தீர்ப்பு வந்த நேரம் 151 காற்றாலையும் கட்டி முடிந்து சுழன்றுகொண்டிருந்தன. வழக்கு முடியும்வரை வேலையை நிறுத்தி வையுங்கள் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2018இலேயே கேட்டிருந்தது. நிறுத்தவில்லை.

அதற்குக் கீழ் நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தது தெரியுமா? ஏறக்குறைய 8 கோடி 90 இலட்சம் குரோனர் இழப்பீடு. மானைக் குளிர்காலத்தில் வேலிக்குள் அடைத்துத் தீனி போடலாம், அதற்கு இந்தக் காசு. காசுக் கணக்கில் பார்த்தால் எவ்வளவு தாராளம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அடைத்துத் தீனி போடுவது அவர்களுடைய மேய்ச்சல் முறை இல்லை, அதை வைத்து உரிமை மீறலை ஈடுகட்ட முடியாது என்று தள்ளியது. இதைச் சொல்ல சட்டம் மட்டும் தெரிந்தால் போதுமா? மான் எவ்வளவு தூரத்தில் காற்றாலையைக் கண்டு விலகுகிறது என்று உயிரியல் படித்தவர் சொல்ல வேண்டும். குளிர்கால மேய்ச்சல் போனால் எத்தனை குடும்பம் தொழிலை விடும் என்று கணக்குத் தெரிந்தவர் சொல்ல வேண்டும். தொழில் போனால் தென்சாமி மொழி எங்கே பேசப்படும் என்று இன்னொருவர். எல்லாவற்றுக்கும் மேலே அந்த மலையில் மானோடு திரிகிறவர் சொல்ல வேண்டும். "மான் எங்க மேயுது எண்டு பாக்கினமாம்" என்று நீங்கள் சிரித்தீர்களே, உச்ச நீதிமன்றத்தில் வழக்கே அதில்தான் நின்றது.

வடசாமி மொழியில் ஒரு சொல் இருக்கிறது, குவோஹ்துன். மேய்ச்சல் என்று நாங்கள் சொல்லிவிடுவோம், ஆனால் அது பனியையும் சேர்த்துச் சொல்கிற சொல். பனி எவ்வளவு ஆழம், எவ்வளவு இறுக்கம், அதற்குக் கீழே பாசி இருக்கிறதா, மான் குளம்பால் தோண்டி எட்டுமா, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள். மகள் போன மாசியில் ஒரு குடும்பத்தோடு மலைக்குப் போனாள். அந்த வீட்டு அம்மா பனி ஸ்கூட்டரை நிறுத்தி, தடியால் பனியைக் குத்தினாவாம். ஒரு சத்தம். இன்னும் நாலு அடி தள்ளிக் குத்தினாவாம், வேறு சத்தம். பிறகு முழங்காலில் இருந்து கையால் பனியை வாரிக் காட்டினாவாம். அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ், அதற்குள் வெள்ளைப் பாசி ஒட்டிக்கொண்டு தெரிகிறது. நடுக்குளிரில் மழை பெய்து உறைந்தால் இப்படித்தான். அதற்கு சுவோஹ்கி என்று பெயர். மானுக்கு மணக்கவும் மாட்டாது, தோண்டவும் இயலாது, சாப்பாட்டுக்கு மேலே நின்று பட்டினி கிடக்கும். அப்படியான வருடத்தில் வேறு மலைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருக்காத்தான் அந்த இன்னொரு மலை தேவைப்படும். மற்ற ஒன்பது வருடமும் அது சும்மா கிடக்கும், அண்ணை சொன்ன கல்லும் பனியுமாக. அதைத்தான் "ஒருவரும் பாவிக்காத நிலம்" என்று எழுதிக் கட்டிவிடுகிறார்கள். அங்கே ஒன்றுமில்லையா? அங்கேதான் அந்த மந்தையின் உயிரே இருக்கிறது.

மகளின் கணினியில் ஒரு வரைபடம் இருக்கிறது. முதலில் ஒரு முதியவர் விரலால் காட்டிக் காட்டிச் சொன்ன மேய்ச்சல் பாதைகள் மட்டும், பச்சை நிறம், திரை நிறையப் பச்சை. ஒரு தட்டு, வீதி வருகிறது. இன்னொரு தட்டு, மின்கம்பிப் பாதை. பிறகு ஹித்தேக்கள், விடுமுறைக்குப் போய்த் தங்குகிற குடில்கள், புள்ளி புள்ளியாக. கல்லுடைக்கும் இடம். கடைசியில் காற்றாலை. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனி அறிக்கை. ஒவ்வொரு அறிக்கையும் பாதிப்பு சிறியது என்று முடிகிறதாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். மிஞ்சிய பச்சை என் உள்ளங்கை அகலம் வராது. "அம்மா, இதை ஒருதரும் கூட்டிப் பார்க்கேல்லை" என்றாள். அவள் செய்கிற வேலை அந்தக் கூட்டல்தான்.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். இன்பொக்ஸில் வந்ததும் சேர்த்து.

"நீ காலநிலை மாற்றத்தை நம்பவில்லையா, காற்றாலை பசுமை இல்லையா?" நம்புகிறேன். நடுக்குளிரில் மழை பெய்வதை என்னைவிட அந்த மான்காரர்தான் அதிகம் நம்புகிறார், அவருடைய மந்தைதான் சாகிறது. சூடாகிற உலகத்தால் முதலில் அடிபடுகிறவரும் அவர், அதைத் தணிக்கக் காணி கொடுக்க வேண்டியவரும் அவர். இது நியாயம் என்று எனக்கு ஒருவர் விளங்கப்படுத்துங்கள். 2023 ஜனவரியில் சுவீடனின் கிருனாவில் 10 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிய மண் தாதுக்கள் என்று அறிவிப்பு வந்தபோது மின்காருக்கு விடிவு என்று ஐரோப்பா முழுக்கக் கொண்டாடியது. காப்னா சாமி சமூகம் மானை ஓட்டிப்போகிற பாதை அதே இடத்தில்தான். பழைய சுரங்கம் ஏற்கெனவே ஒரு பக்கத்தை நெருக்கிவிட்டது. நானும் மின்கார்தான் ஓட்டுகிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? அதனால்தான் கேட்கிறேன்.

"அவர்களும் ஸ்கூட்டர், ஹெலிகொப்டர் பாவிக்கிறார்கள்." பாவிக்கட்டும். நாங்கள் மாட்டுவண்டியிலா வேலைக்குப் போகிறோம்? இதற்கு மேல் பதில் இல்லை.

"நோர்வேயில் மான் வளர்ப்பில் மொத்தம் 3,000 பேர் வருவார்களா?" ஏறக்குறைய அவ்வளவுதான். தொகை குறைந்தால் உரிமை குறையும் என்று இந்த மண்டபத்தில் இருந்துகொண்டு எப்படிச் சொல்ல வாய் வருகிறது? நாங்கள் எங்கிருந்து வந்தோம், ஏன் வந்தோம்?

"கடைசியில் காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள்தானே?" ஃபோசன் மான்காரரில் 2023 டிசம்பரில் ஒரு பகுதியார், 2024 மார்ச்சில் மற்றப் பகுதியார் உடன்பாட்டுக்கு வந்தது உண்மை. வேறு குளிர்கால மேய்ச்சல் நிலம் தருவதாகவும் அதில் இருக்கிறது. தீர்ப்பு வந்து 500 நாளுக்குப் பிறகு, 2023 பெப்ரவரியில் சாமி இளையோர் ஒஸ்லோவில் அமைச்சுக் கட்டடத்துக்குள் போய் இருந்து, பொலிஸ் தூக்கிக்கொண்டு போய், அதற்குப் பிறகுதான் அரசு மன்னிப்புக் கேட்டது. உச்ச நீதிமன்றத்தில் வென்றும் காற்றாலை நிற்கவில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து களைத்தவர்கள் கையெழுத்துப் போட்டதை நீங்கள் எடுத்துச் சொல்லிக் காட்டாதேங்கோ.

ஒரு கேள்வி மட்டும் எனக்கும் முள்ளாகக் குத்துகிறது. என் மனுசன் கேட்டது. "வடக்கில பெடியளுக்கு வேலை இல்லை, ஊரெல்லாம் வெறிச்சுப் போகுது, எல்லாத்துக்கும் ஆய்வு எண்டால் அந்தச் சனம் என்ன செய்யும்?" நாங்கள் வேலை செய்த தொழிற்சாலை இன்று பூட்டிக் கிடக்கிறது. அந்த அக்காவின் மகனே சுரங்கம் வந்தால் நல்லது என்கிறான். சாமி மக்களுக்குள்ளேயே இரண்டு பக்கம் இருக்கிறது, ஒரே குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் அந்த மேசையில் இருந்து அதைச் சொல்லட்டும். மேசையே போடாமல் ஒஸ்லோவில் இருந்து கைதட்டுவது வேறு.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் எங்கள் வீடு. 1990 ஆனியில் அம்மா, அப்பா சுருட்டின பாயோடு வெளிக்கிட்டார்கள். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். காணி விடுபட்ட பிறகு, 2017இல் போனேன். கூட வந்த ஒட்டோக்காரத் தம்பி சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க ஒண்டுமில்லை, பற்றைதான். பாம்பு கிடக்கும், வாங்கோ" என்றான். அவன் பிழையாகச் சொல்லவில்லை, அவன் கண்ணுக்குப் பற்றைதான். நான் கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து காலால் அளந்தேன். பன்னிரண்டு அடி, தோய்கிற கல். அதற்கு அங்கால முருங்கை. அங்கால ஆட்டுக்கொட்டில். பற்றைக்குள் நின்று முழு வீட்டையும் பார்த்தேன். இருபத்தேழு வருடம் அந்த நிலத்தை யார் யாரோ வரைபடத்தில் நிறம் தீட்டினார்கள், ஒருவரும் அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா பார்க்காமலே போய்விட்டா.

அந்த மண்டபத்தில் ஞாயிறன்று இருந்தவர்களில் என்னைப் போல் காணி போனவர்கள் எத்தனை பேர். மட்டக்களப்பில் மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் தொடங்கிய போராட்டத்துக்கு இதே மண்டபத்தில் மெழுகுதிரி கொளுத்தினோம். மாட்டுக்கு மேய்ச்சல் தரை என்றால் எங்களுக்கு விளங்குகிறது. மானுக்கு என்றால் சிரிப்பு வருகிறது. அண்ணை சொன்னது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, அந்தக் கைதட்டல்தான் இன்னும் காதுக்குள் கேட்கிறது.

அண்ணை, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். உங்களோடு எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. என் பிள்ளைக்கு ஏடு தொடக்கின கை உங்களுடையது. அவள் நத்தாருக்கு முதல் கிழமை வீட்டுக்கு வருகிறாள். நீங்களும் அக்காவும் வாங்கோ. சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து அந்தப் பச்சையை முதலில் இருந்து காட்டச் சொல்கிறேன், ஒவ்வொரு தட்டாக. அரை மணித்தியாலம் போதும். அதைப் பார்த்த பிறகும் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்ல நினைத்தால், அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ.