சிறகடிப்பால் நேரம் பிந்தாது
முகப்பில் வல்லூறு பொம்மை சிறகடிக்கும் இயந்திரக் கைக்கடிகாரம் பற்றிய கட்டுரையில், வல்லூறு சிறகு விரிக்கும்போதெல்லாம் விசை குறைந்து நேரம் பிந்தும் என்று வருவதை ஏற்க முடியவில்லை. இவ்வகைக் கைக்கடிகாரங்களில் பறவையின் அசைவுக்குப் பெரும்பாலும் தனி ஸ்பிரிங் இருக்கும். முள்ளை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கை அது தொடாது. ராயபுரத்தில் அப்பாவின் ரிப்பேர் கடையில் மணி அடிக்கக் குயில் பொம்மை வெளியே வந்து கூவும் குக்கூ கடிகாரங்களைக் கழற்றிப் பார்த்து வளர்ந்தவன் நான். அதை ஓட்டுவது சங்கிலியில் தொங்கும் எடைகள்: நேரத்துக்கு ஓர் எடை, குயிலுக்கு ஓர் எடை. குயிலின் எடை இறங்கி முடிந்து, கூவல் நின்றுபோனாலும் முள் பாட்டுக்கு ஓடும். உண்மையான கஷ்டம் பறவை அசையும் வேகத்தை அடக்குவதில்தான்: குக்கூவில் ஒரு சின்ன விசிறி சுழன்று, காற்றின் தடையால் பல்சக்கரங்களை நிதானப்படுத்தும். அதே வேலையைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்குவது அசாத்தியமான கைத்திறன். இந்தக் கைக்கடிகாரத்தை மேலே ஒரு பின்னூட்டத்தில் 'பணக்காரர் பொம்மை' என்று எழுதிய நண்பரே, இது வெறும் பொம்மை இல்லை: வல்லூறு வேட்டையை 2010-லும், சுவிஸ், பிரெஞ்சு இயந்திரக் கடிகாரக் கலையை 2020-லும் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.