ஃபுட் டூர் போக வேண்டியவர்கள் வெள்ளவத்தைக்காரர்கள்தான்

கொழும்பிலேயே குடியிருந்துகொண்டு, காசு கொடுத்து ஒரு வழிகாட்டியின் பின்னால் கடை கடையாகச் சாப்பிடுகிற ஃபுட் டூர் போவது விசர் வேலை என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி இருக்கிறது. அம்மா, பெரியப்பா, பக்கத்து ஃபிளாட் அன்ரி எல்லோரும் அதில் அங்கத்தவர்கள். "வடை தின்னவும் ஒரு ஆள் கூட்டிக்கொண்டு போக வேணுமோ?" என்பது அவர்களின் நிரந்தரக் கேள்வி. நான் எதிர்க்கட்சி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் எப்படியும் தேடிப்பிடித்துச் சாப்பிட்டுவிடுவார், அவருக்கு ஃபோன் போதும். இந்த டூர் உண்மையில் தேவைப்படுவது வெள்ளவத்தைத் தமிழருக்கு.

கொழும்பில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டாலும் நாங்கள் சாப்பிடுவது காலி வீதியின் ஒரு சின்னத் துண்டில்தான். பம்பலப்பிட்டியில் தொடங்கித் தெஹிவளைப் பாலத்தோடு முடிந்துவிடும். விருந்தாளி வந்தால் சண்முகாஸ், பழைய நினைவு வந்தால் ஷ்ரப்பரி கார்டன்ஸில் கிரீன்லண்ட்ஸ், சமைக்கப் பஞ்சியாக இருந்தால் ஒரு கொத்து, முடிந்தது. கொட்டாஞ்சேனை ஆட்களுக்கும் இதே கதைதான், தெருப் பெயர்கள் மட்டும் மாறும். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பங்கள் பிட்டோடு பாபத் சாப்பிடுவார்கள் என்பது என்னோடு வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பாபத் என்றால் மாட்டு இரைப்பைக் கறி. எங்களில் பலர் மாடு சாப்பிடுவதில்லை, சரி, சாப்பிட வேண்டாம். ஆனால் ரயிலில் மூன்று ஸ்டேஷன் தள்ளி இருக்கும் அடுப்பில் என்ன வேகிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டாமா?

லம்ப்ரைஸும் அப்படித்தான், அது ஒல்லாந்தர் வழிவந்த பேர்கர் ஆட்களின் சாப்பாடு. தும்முல்லையில் 1908இல் தொடங்கிய டச்சு பேர்கர் சங்கம் இருக்கிறது, பம்பலப்பிட்டியிலிருந்து நடந்தே போகலாம். இறைச்சிச் சாறில் வேகவைத்த சோறு, கலவை இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு, பிளாச்சான் என்கிற இறால் சம்பல், பிரிக்கடல் என்கிற சின்னச் சின்ன இறைச்சி உருண்டை எல்லாவற்றையும் வாழையிலையில் மடித்துக் கட்டி அவனில் வைத்து எடுப்பார்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போது வரும் வாசத்தை எழுத எனக்குத் திறமை போதாது. இப்போது கண்ட கண்ட பேக்கரியிலும் ஒரு கோழித் துண்டையும் அவித்த முட்டையையும் வைத்துக் கட்டி அதே பெயரில் விற்கிறார்கள். பழைய பேர்கர் ஆட்களிடம் அந்த முட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணித்தியாலம் திட்டுவார்கள்.

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் ஒரு டூருக்குப் பதிந்துவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். புறக்கோட்டையில் தொடங்கி, கோட்டைப் பக்கம் மொட்டைமாடி பாரில் முடிகிற வழி. எந்தக் கம்பனி என்று சொல்லப் போவதில்லை. இப்படியான டூர்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வழியில்தான் போகின்றன.

நல்லதை முதலில் சொல்கிறேன். புறக்கோட்டையை அவர்கள் சரியான நேரத்தில் காட்டினார்கள். வார நாள், பின்னேரம் வெயில் இறங்கும் நேரம், இரண்டாம் குறுக்குத் தெருவில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். 1909இல் கட்டி முடித்த அந்தச் சிவப்பு வெள்ளைக் கட்டடத்தைப் படம் பிடிக்காத ஆள் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வந்த நான்காம் குறுக்குத் தெரு. செத்தல் மிளகாய், வெங்காயம், பருப்பு என்று மூட்டை மூட்டையாக மொத்த வியாபாரம் நடக்கிற இடம். மூட்டை சுமக்கிற நாட்டாமிகள் கை வண்டியை இழுத்துக்கொண்டு வரும்போது நீங்கள் விலகாவிட்டால் வண்டி விலகாது. ஞாயிற்றுக்கிழமை போனால் இதில் பாதியும் கிடையாது, கதவுகள்தான் இருக்கும்.

சைவக்கடையில்தான் எனக்கும் வழிகாட்டித் தம்பிக்கும் முதல் உரசல் வந்தது.

எங்கள் சைவக்கடையின் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். பின்னேரம் போய் உட்கார்ந்தால் யாரும் என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. உளுந்து வடை, பருப்பு வடை, சூசியம் என்று ஒரு தட்டு நிறைய மேசைக்கு வந்துவிடும். தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் தட்டோடு அடுத்த மேசைக்குப் போகும். எங்களோடு வந்த ஜெர்மன் தம்பதிக்கு இதை யாரும் சொல்லவில்லை. வைத்ததை மீதி விட்டால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, பாவம், கடைசிச் சூசியம் வரை மூச்சு வாங்க வாங்கத் தின்று முடித்தார்கள். அதற்குப் பிறகு இரவு முழுவதும் அவர்கள் வாயில் எதுவும் இறங்கவில்லை. ஒரு வழிகாட்டி சொல்ல வேண்டிய முதல் விஷயமே இதுதான். தட்டு அடுத்த மேசைக்குப் போவதை அறிந்தால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். சுளிக்கட்டுமே, அதுதான் இந்த ஊர்.

இரண்டாவது உரசல் தோசையில். "இது தென்னிந்திய உணவு" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டான். பெயரும் உறவும் அங்கிருந்து வந்தவைதான், மறுக்கவில்லை. ஆனால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கடுகும் பெருஞ்சீரகமும் தாளித்துக் கொட்டி, மஞ்சளும் கோதுமை மாவும் சேர்த்து, மெத்தென்று சுடுகிற யாழ்ப்பாணத் தோசையைச் சென்னையில் எந்தக் கடையில் காட்டுவீர்கள்? அதற்கு இடித்த சம்பல்தான் துணை. லம்ப்ரைஸ் இலங்கை உணவு, மலாய் வட்டலாப்பம் இலங்கை உணவு, தமிழன் சுட்டது மட்டும் இந்திய உணவா? நான் கேட்டுவிட்டேன். "அக்கா, எங்களுக்குப் பயிற்சியில் இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்" என்றான். அவனில் பிழையில்லை. வேடிக்கை என்னவென்றால், எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த பையன் தேயிலை விளைகிற மலையகத்து ஹற்றன் பக்கம். சிலோன் ரீயின் பெருமை பற்றி ஐந்து நிமிடம் பேசிய வழிகாட்டி, கோப்பையை வைத்த கை எந்த ஊர்க் கை என்று கேட்கவில்லை. கொழும்புச் சாப்பாட்டுக் கடைகள் பலவும் மலையகப் பிள்ளைகளின் உழைப்பில்தான் ஓடுகின்றன. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

கொத்து ரொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகரச் சத்தம் கேட்டு ஆட்கள் வீடியோ எடுத்தார்கள், ஆறுவதற்குள் யாரும் சாப்பிடவில்லை. கிழக்கு மாகாணத்துப் பக்கத்திலிருந்து வந்த சாப்பாடு என்று பரவலாகச் சொல்வார்கள், மட்டக்களப்பு நண்பர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். அப்பத்தையும் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கடைகளில் அது பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. காலையில் அப்பம் தேடி அலையும் டூரிஸ்டுகளுக்கு யாராவது இதைச் சொல்லி வைத்தால் புண்ணியம்.

காலிமுகத்திடலில் இறால் வடை. பருப்பு மாவில் முழு இறாலை அமுக்கிப் பொரித்து, மேலே வெங்காயமும் உறைப்புச் சாறும் ஊற்றித் தருவார்கள். கடல் காற்றில் நின்று தின்றால் எல்லாமே ருசிதான், அதனால் இந்த வடைக்கு நான் நடுநிலையாகப் புள்ளி போட முடியாது. அந்த இடத்தில் எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. 2022இல் போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தது இதே திடலில்தான். அந்த வருடம் மே 18ஆம் தேதி இங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்தார்கள். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய சனம் குடித்த கஞ்சி அது, உப்பும் அரிசியும் தண்ணீரும். இந்த நகரத்தின் சாப்பாட்டு வரலாற்றில் அதற்கு ஒரு இடம் இல்லையென்றால் வேறு எதற்கு இருக்கப் போகிறது? டூரில் அரசியல் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி "இந்த இடத்தில்தானே போராட்டம் நடந்தது?" என்று கேட்டபோது பேச்சை இறாலுக்குத் திருப்பாமல் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இனி டூர் முடிந்த பாரின் சாராயக் கொக்டெயில். வீட்டுக் கட்சிக்கு மிகவும் எரிச்சல் தருகிற பகுதி இதுதான்.

எங்கள் கலியாண வீடுகளில் ஸ்கொட்ச் போத்தல் மேசைக்கு மேலே இருக்கும், சாராயப் போத்தல் மேசைக்குக் கீழே. வெளிநாட்டு மாமா டியூட்டி ஃப்ரீயில் வாங்கிவந்தது கௌரவம், வாதுவைத் தென்னையில் வடிந்தது கேவலம். எனக்கு இது எப்போதும் விளங்கியதில்லை. சீவல் தொழிலாளி மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் நடந்து, பாளை சீவி எடுக்கிற கள், வேறு எதுவும் சேர்க்காமல் சில மணித்தியாலத்தில் தானே புளித்துவிடும். அதை வடித்து ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்தால் வருவதுதான் நல்ல தென்னஞ்சாராயம். பார்லியோ திராட்சையோ இல்லை, ஒரு பூவின் சாறு. உலகத்தில் எந்த மதுவோடும் சரிசமமாக உட்கார அதற்குத் தகுதி இருக்கிறது. இதைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, பெயர் சொல்லி, வெளிச்சத்தில் வைத்து விற்கிற பார்காரர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. போத்தலில் சாராயம் என்று இருப்பதெல்லாம் முழுக்கத் தென்னையிலிருந்து வந்ததல்ல. விலை குறைந்த கலவை வகைகளில் கரும்புக் கழிவுப் பாகிலிருந்து வடித்த மதுசாரமும் சேரும். கொக்டெயிலில் ஆறேழு சாமான் சேர்ந்துவிட்டால் வித்தியாசம் பிடிபடாது. அதனால் எந்தச் சாராயம் ஊற்றுகிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பார்மன் என்றால் சந்தோஷப்பட்டுப் போத்தலையே எடுத்துக் காட்டுவான்.

ருசியைப் பற்றி என் தீர்ப்பு: தேசிக்காய், கொஞ்சம் கித்துள் பாணி, சாராயம், ஐஸ். இந்த நாலும் போதும். யானை மார்க் ஜிஞ்சர் பியரும் சாராயமும் இன்னும் நல்லது, அது எங்கள் மாமாமார் கண்டுபிடித்த கொக்டெயில், அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான். புளி சேர்த்ததும் பிடித்தது. கறிவேப்பிலை மணம் ஏற்றிய ஒன்றைத் தந்தார்கள், அம்மாவின் சொதியைக் குளிரக் குடித்த மாதிரி இருந்தது. குவளை விளிம்பில் மிளகாய்த்தூள் பூசுவது, கறுவாப் பட்டையைக் கொளுத்திப் புகை காட்டுவது எல்லாம் இன்ஸ்டகிராமுக்கு. குடிக்கிறவருக்கு அதில் ஒன்றுமில்லை. அப்புறம், குடிக்கும்போது பக்கத்தில் பைட்ஸ், அதாவது கொறிக்க ஏதாவது வேண்டும். எங்களுக்கு வந்தது நாலு ஒலிவ் காய். ஹொட் பட்டர் கணவாய் என்ற அற்புதத்தை வைத்துக்கொண்டு ஒலிவ் காய் தருகிறவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நான் ஒரு பெண் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் வந்த ஒழுங்குவிதி ஒன்று இந்த நாட்டில் உண்டு. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாட்களுக்குள் ஜனாதிபதி சிறிசேன அந்த நீக்கத்தையே நீக்கினார். இந்தப் பின்னணியில் ஒரு தமிழ்ப் பெண் வைன் ஸ்டோர் என்கிற சாராயக் கடைக் கம்பிக்கு முன்னால் வரிசையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். முடியாது. சட்டத்தை விடுங்கள், தெருவே விடாது. மொட்டைமாடி பாரில் எங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாராயத்தின் ருசி என்னைப் போன்றவர்களுக்குத் தெரியவந்ததே இந்த விலை கூடிய குவளைகளால்தான். "அநியாய விலை" என்று திட்டுகிற ஆண்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

விலை அநியாயம்தான், அதையும் மறைக்கவில்லை. பட்டியலில் இருக்கும் தொகைக்கு மேலே 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேலே 18 வீத வற். இரண்டு குவளைக் காசில் சைவக்கடையில் ஒரு குடும்பமே பின்னேரச் சாப்பாட்டை முடித்துவிடும். ஆகவே மாதாந்தம் போகிற இடம் என்று சொல்லவில்லை. வாகனம் கொண்டுபோகாமல், நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கு ஒன்று வாங்கி மாற்றி மாற்றி ருசி பார்த்துவிட்டு வாருங்கள். நாட்காட்டியைப் பார்த்துப் போங்கள். பௌர்ணமிப் போயா நாளில் மது விற்கமாட்டார்கள், கூரைவரை ஏறிப் போய் அன்னாசிச் சாறு குடித்துவிட்டு இறங்குவீர்கள்.

பாரில் எனக்கு ஒரே ஒரு குறை. பட்டியல் முழுக்கத் தென்னை. பனையைக் காணோம். வடமராட்சியில் பருத்தித்துறைப் பக்கம் திக்கம் வடிசாலை இருக்கிறது, பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது, பனஞ்சாராயம் என்று ஒரு சாமான் இருக்கிறது. ஆனால் கொழும்பில் நான் பார்த்த எந்தக் கொக்டெயில் பட்டியலிலும் அது இல்லை. முரட்டு மணம், வெளிநாட்டவருக்குப் பிடிக்காது என்றார் பார்மன். பனங்கட்டியும் தேசிக்காயும் சேர்த்து ஒருதரம் செய்து பாருங்கள், முதலில் குடித்துப் பார்க்க நான் வருகிறேன், காசும் நானே தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். "போத்தல் கொண்டுவாங்க அக்கா, பார்ப்போம்" என்றார். பருத்தித்துறையிலிருந்து இந்த மாதம் யாராவது கொழும்பு வருகிறீர்களா?